ஊசியும் இரத்த ஓட்டமும்: ஒரு ‘ஆகவே’யின் கதை

1971ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குச் சீனாவின் பெய்ஜிங் நகரில் குடல்வால் அறுவை நடந்தது. ஊசி குத்தியே அவரை மரத்துப்போகச் செய்து அறுத்தார்கள் என்று பலர் சொல்வதுண்டு. அது உண்மையன்று. அறுவைக்கு வழக்கமான உணர்வு நீக்கும் மருந்தே செலுத்தப்பட்டது. பின்னர் வயிற்றில் ஏற்பட்ட உபாதைக்குத்தான் அக்குபங்சர் செய்தார்கள். ரெஸ்டனே அப்படித்தான் எழுதினார்.

இதைப் போன்ற ஒரு தாவலை அக்குபங்சர் பற்றிய இன்னொரு வாதத்திலும் காண்கிறோம். “ஊசி தசையில் இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது; ஆகவே வலி தீர்கிறது” என்பது அந்த வாதம். இதிலுள்ள ‘ஆகவே’ என்ற சொல்லைச் சற்று உரசிப் பார்ப்போம்.

முதல் பாதி மெய்தான். சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2003இல் இதை ஒளியைக் கொண்டு அளந்தனர். பச்சை ஒளி தோலோடு நின்றுவிடும். அகச்சிவப்பு ஒளி தசைவரை ஊடுருவும். திரும்பி வரும் ஒளியின் மாற்றம் இரத்த ஓட்டத்தின் மாற்றத்தைக் காட்டும். முழங்காலுக்குக் கீழே முன்புறத் தசையில் ஊசியை ஆழமாகச் செலுத்தித் திருகியபோது ஓட்டம் நன்கு கூடிற்று. தோலுக்கடியில் மட்டும் குத்தியபோது குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை.

இதில் புதிர் ஏதுமில்லை. குத்துப்பட்ட நரம்பு முனைகள் சில வேதிப்பொருள்களை வெளிவிடுகின்றன; அவற்றால் நுண்ணிய குழாய்கள் விரிகின்றன. குழாயில் ஓடும் நீர்மத்தின் அளவு ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்னும் புவாசே விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆரம் 10 சதவீதம் கூடினால் ஓட்டம் ஏறக்குறைய 46 சதவீதம் கூடும். இரத்தக் குழாய்க்கு இவ்விதி தோராயமாகவே பொருந்தும் என்றாலும், சிறு விரிவும் பெரும் பலன் தரும் என்பது விளங்கும்.

ஆனால் கடும் உழைப்பின்போது தசையின் இரத்த ஓட்டம் 15 மடங்குக்கு மேலும் பெருகுகிறதே! ஓட்டம் கூடுவதே மருந்தானால் மூட்டை தூக்குபவருக்கு முதுகுவலியே வரக்கூடாது அல்லவா?

மேலும், 2003ஆம் ஆண்டுச் சோதனைக்கு உட்பட்டவர்கள் நலமுள்ளவர்கள். இல்லாத வலி தீர்ந்ததா என்று எப்படிச் சொல்வது? அதே ஆய்வாளர்கள் 2004இல் உடலெங்கும் தசைவலியுள்ள நோயாளிகளை ஆராய்ந்தபோது, மேலோட்டமான குத்தலே தசையில் ஓட்டத்தைக் கூட்டிற்று. நலமுள்ளவரிடம் கண்டதை நோயாளிக்கு அப்படியே பொருத்தக்கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வலியையே நேராக அளந்த சோதனை என்ன கூறுகிறது? 2007இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் நாட்பட்ட இடுப்புவலியுள்ள 1162 பேர் பங்குகொண்டனர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முறைப்படி ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதத்தினர் தேறியிருந்தனர். உரிய புள்ளிகளை விட்டு வேறிடங்களில் மேலோட்டமாகப் போலி ஊசி போட்டவர்களில் 44.2 சதவீதத்தினர் தேறியிருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதத்தினரே தேறினர்.

இந்த மூன்று எண்களும் இரு சாராரையும் மடக்குகின்றன. ‘ஊசியால் பயனே இல்லை’ என்பார்க்கு 27.4 விடை சொல்கிறது. ‘சரியான புள்ளியில் ஆழக் குத்தியதால்தான் பயன்’ என்பார்க்கு 44.2 விடை சொல்கிறது. நம்பிக்கை, மருத்துவரின் கவனிப்பு, தோலின் நரம்புகள் பெறும் தூண்டல் ஆகியவற்றுக்கும் இதில் பங்கு இருக்கலாம். நாலோக்சோன் என்னும் மருந்து ஊசியின் வலிநீக்கத்தைத் தடுத்ததாக 1977இல் ஓர் ஆய்வு காட்டியது. எலிகளில் அடினோசின் என்னும் பொருளே வலியைத் தணிப்பதாக 2010இல் மற்றோர் ஆய்வு காட்டியது. இவை சுட்டும் வழி நரம்பு வழியே.

ஆகவே வாசகர்களே, ‘இரத்த ஓட்டம் கூடும்’ என்று யாரேனும் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எவ்வளவு கூடியது? யாரிடம் கூடியது? வலி குறைந்ததைத் தனியே அளந்தார்களா? நாட்பட்ட இடுப்புவலிக்கு ஊசியை முயல்வதானால், ஒருமுறை மட்டும் பயன்படும் தூய ஊசியா என்றும் பாருங்கள். ஆனால் நெஞ்சுவலிக்கும், கால் மரத்து வலுவிழப்பதற்கும் ஊசியை நம்பி நாள் கடத்தாதீர்கள். அங்கே தவறான ஒரு ‘ஆகவே’க்கு உயிரையோ காலையோ விலையாகக் கொடுக்க நேரும்.