யாருடைய சம்மதம்?

எங்கள் தாயில்பட்டிப் பக்கம், மனைவி இருக்க இன்னொரு பெண்ணோடும் வாழ்கிற ஆணை ‘வச்சிருக்கான்’ என்பார்கள். அந்தப் பெண் இருக்கும் இடம் ‘சின்ன வீடு’. இதையே ஒரு மனைவி செய்தால், அவளோடு இருப்பவன் ‘கள்ளப் புருசன்’. ஆணுக்கு அது இன்னொரு வீடு, பெண்ணுக்கு அது திருட்டு. பட்டாசு ஆலைக்கு ஆளேற்றும் வேனிலும் தீப்பெட்டி ஒட்டும் திண்ணையிலும் இந்தச் சொற்களைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

இப்போது என் மாணவிகள் வேறொரு சொல்லை வகுப்புக்குக் கொண்டுவருகிறார்கள்: பாலியமரி. ஒருவர் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவரோடு காதல் உறவில் இருக்கலாம். ஆனால் அது சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், எல்லோரும் சம்மதித்திருக்க வேண்டும், யாரும் எப்போதும் அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். “இது நம்ம ஊர்ல காலங்காலமா இருக்கிறதுதான மேடம்?” என்று ஒருத்தி கேட்டாள். ஒன்றுக்கு மேற்பட்ட உறவு காலங்காலமாக இருக்கிறது, உண்மைதான். சம்மதம் இருந்ததா, இருந்தால் அது யாருடையது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

மருதத் திணையிலிருந்து தொடங்கலாம். தலைவன் பரத்தையிடம் போகிறான், திரும்பி வருகிறான், தூது அனுப்புகிறான். தலைவிக்கு இலக்கணம் கொடுத்திருக்கும் ஆயுதம் ஊடல் ஒன்றே. அவள் வாயில் மறுக்கலாம், பிறகு வாயில் நேரலாம். தலைவி இன்னொருவனை விரும்புவதற்கு அகத்திணையில் துறையே கிடையாது. ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகை எட்டாம் பாட்டில் பேசுகிறவள் பரத்தை. எங்களிடம் பெரிய பேச்சுப் பேசுகிறவன், தன் வீட்டில் மகனின் தாய் ஆட்டுவிக்கிறபடி ஆடுகிற கண்ணாடிப் பாவை என்று அவள் கேலி செய்கிறாள். இரண்டு பெண்களுக்கும் வாய் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. ஆனால் யார் எங்கே இருப்பது என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் இருவருமே இல்லை.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010 இல் வெளிவந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகக் குழந்தையில்லாத காளி–பொன்னா தம்பதியின் கதை அது. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், முகம் தெரியாத ஓர் ஆணைச் சாமியாக ஏற்றுப் பிள்ளை பெறலாம் என்று இரு வீட்டுப் பெரியவர்களும் முடிவு செய்கிறார்கள். இளவயதில் காளியே முத்துவோடு அந்தத் திருவிழாவுக்குப் போய் வந்தவன். தன் மனைவி போவதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கடைசியில் அண்ணன் முத்து காளியை அப்பால் கூட்டிப்போய்விட, காளி ஒப்புக்கொண்டுவிட்டான் என்று பொன்னாவிடம் சொல்லப்படுகிறது. அதை நம்பி அவள் போகிறாள்.

2014 இறுதியில் எழுந்த எதிர்ப்பு, சாதியின் மானத்தையும் ஊரின் பெயரையும் சுற்றியே நின்றது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது, அதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் நாவலை வாசிக்கும்போதெல்லாம் நான் நிற்கிற இடம் வேறு. பொன்னாவிடம் எல்லோரும் பேசுகிறார்கள். அவளுக்குச் சொல்லப்படுவது புருசனின் சம்மதம், அதுவும் பொய். அவளுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி குழந்தை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்கப்படுகிறது.

இந்தப் புருசன் சம்மதத்தைச் சட்டமும் எழுதி வைத்திருந்தது. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 497 ஆம் பிரிவின்படி, ஒருவன் மனைவியோடு இன்னொருவன் உறவு கொள்வது குற்றம். ஆனால் அந்தக் கணவன் சம்மதித்திருந்தால் குற்றமில்லை. மனைவி சம்மதித்தாளா என்பது கணக்கிலேயே இல்லை. ஜோசப் ஷைன் வழக்கில் 2018 செப்டம்பர் 27 அன்றுதான் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை நீக்கியது.

பிரிவு போனதால் பெண்ணின் சம்மதத்துக்கு மதிப்பு வந்துவிடவில்லை. 2013 இல் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் வழங்கியது. முதல் திருமணத்தை மறைத்து ஒருவன் மணந்த பெண்ணுக்கு ஜீவனாம்சம் உண்டு என்றது ஒன்று. அவன் மணமானவன் என்று தெரிந்தே சேர்ந்து வாழ்ந்த பெண்ணின் உறவு ‘திருமணத்தின் தன்மையிலான உறவு’ ஆகாது, ஆகவே குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்றது மற்றொன்று. ஏமாந்தவளுக்கு இரக்கம் கிடைக்கிறது, அறிந்து சம்மதித்தவள் கைவிடப்படுகிறாள். பாலியமரி கேட்கும் முதல் தகுதியே அறிந்து சம்மதித்தல்தான். அதைச் செய்த பெண்ணுக்கு நம் சட்டம் கொடுக்கும் பரிசு இது.

எங்கள் ஊரில் இதன் விலை இன்னும் துல்லியமாகத் தெரியும். ஆலையில் வெடிவிபத்து நடந்து ஒருவன் இறந்தால், இழப்பீடு சட்டப்படியான மனைவிக்கும் வாரிசுகளுக்கும் போகும். கூட வாழ்ந்து சோறு போட்டவளின் பெயர் வாரிசுச் சான்றிதழில் வராது. முதல் மனைவியின் நிலை மேலானது என்றும் சொல்ல முடியாது. “அவதான் ஒத்துக்கிட்டாளே” என்று ஊர் அவளைப் பற்றிச் சொல்லும். பீஸ் ரேட்டில் வருகிற வாரக் கூலி, குழுக் கடன் தவணை, திரும்பிப் போனால் திறக்குமா என்று தெரியாத பிறந்த வீட்டுக் கதவு. இவற்றுக்கு நடுவே அவள் பேசாமல் இருந்ததைத்தான் ஊர் சம்மதம் என்கிறது.

பாலியமரி மேற்கத்தியக் கழிசடை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சின்ன வீட்டைச் சகித்துக்கொண்டே கற்பைப் பற்றிப் பேசுகிற வாய் அது. கற்பு என்று ஒன்று இருந்தால் இருபாலுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று பெரியார் கேட்டதற்கு அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அதே சமயம், ‘நான் பாலியமரி’ என்று சொல்லிக்கொண்டு வருகிற ஆண் தன் பழைய சலுகைக்குப் புதிய பெயர் வைத்திருக்கிறானா என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஓர் உறவுக்கு முன்னால் நிற்கிற மாணவிக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். உனக்கு இன்னொருவர் மேல் விருப்பம் வந்தால் அவன் இதே நியாயத்தைப் பேசுவானா என்று கேள். மற்ற பெண்ணுக்கு உன்னைப் பற்றித் தெரியுமா என்பதை அவனிடம் கேட்காதே, அவளிடமே கேள். ‘வேண்டாம்’ என்று சொன்ன மறுநாள் நீ தங்க ஓர் இடமும் கையில் உன் காசும் இருக்குமா என்று பார். மறுக்க வழியில்லாத இடத்தில் சொல்லப்படும் ‘சரி’யை நான் சம்மதம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன், உறவில் இருப்பவர்கள் இரண்டு பேரானாலும் மூன்று பேரானாலும்.