தத்தெடுக்கச் சேமிப்பவர் யார்?

அமெரிக்காவில் தனியார் முகமை வழியாக ஒரு குழந்தையைத் தத்தெடுக்க 20 ஆயிரம் முதல் 45 ஆயிரம் டாலர் வரை ஆகும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. முகமைக் கட்டணம், வழக்கறிஞர், வீட்டுச் சூழல் ஆய்வு, பல நேரங்களில் பெற்ற தாயின் மருத்துவச் செலவு என எல்லாம் சேர்ந்து அந்தத் தொகைக்கு வந்து நிற்கும். இந்தச் சுமையைக் குறைக்கக் கான்சஸ் மாநிலம் 2024இல் தத்தெடுப்புச் சேமிப்புக் கணக்கைச் சட்டமாக்கியது. அதில் போடும் பணத்துக்கு, ஆண்டு வரம்புக்குள், மாநில வருமான வரி இல்லை.

இந்த யோசனையில் ஒரு நல்ல கூறு உண்டு. கட்ட வேண்டிய வரியிலேயே கழித்துக்கொள்ளும் கூட்டாட்சிச் சலுகை 1997 முதல் இருக்கிறது. 2025ஆம் ஆண்டுக்கு அதன் உச்சவரம்பு ஒரு குழந்தைக்கு 17,280 டாலர். தொகை பெரிதுதான், ஆனால் செலவழித்த பிறகே கைக்கு வரும். முகமையோ முன்பணம் கேட்கும். இடைப்பட்ட மாதங்களில்தான் குடும்பங்கள் கடனில் விழுகின்றன. முன்கூட்டியே பணம் சேர்க்கத் தூண்டும் கணக்கு சரியான இடத்தைத்தான் குறிவைக்கிறது.

குறி சரி, வலு போதாது. கான்சஸில் வருமான வரியின் உச்ச விகிதம் 5.58 சதவீதம். ஒரு தம்பதி 10 ஆயிரம் டாலர் போட்டால் மிச்சமாவது அதிகபட்சம் 558 டாலர். வருமானம் குறைந்து வரியே கட்டாத குடும்பத்துக்கு ஒன்றுமே இல்லை. ஆக, ஏற்கெனவே சேமிக்க முடிந்தவருக்கே இந்தக் கணக்கு உதவுகிறது.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. கல்லூரிப் படிப்புக்குச் சேமிப்பவருக்குப் பணம் எப்போது தேவைப்படும் என்று தெரியும். தத்தெடுப்பில் நாளும் தெரியாது, தொகையும் தெரியாது. பெற்ற தாய் கடைசியில் மனம் மாறலாம். அது அவர் உரிமை, அதை யாரும் குறை சொல்லக்கூடாது. ஆனால் அதுவரை செலவான பணத்தில் பெரும்பகுதி திரும்பாது. கூட்டாட்சிச் சலுகை கைகூடாத உள்நாட்டு முயற்சிக்கும் பொருந்துவது பெரிய ஆறுதல்.

அரசின் வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 50 ஆயிரம் குழந்தைகள் தத்தெடுக்கப்படுகிறார்கள். அந்த வழியில் கட்டணம் மிகக் குறைவு. அப்படித் தத்தெடுக்கும் குடும்பங்களுக்குச் செலவு பின்னால் வருகிறது: மனநல ஆலோசனை, சிறப்புக் கல்வி, பெற்றோர் விடுப்பெடுக்கும் நாட்கள். தத்தெடுக்கும் செலவுக்கென அமைந்த சேமிப்புக் கணக்கு இந்தச் செலவுகளுக்கு எட்டாது. கூட்டாட்சிச் சலுகை அப்படியல்ல. சிறப்புத் தேவையுள்ள குழந்தை என்று மாநிலம் தீர்மானித்தால், செலவே ஆகாவிட்டாலும் முழுத் தொகைக்கும் உரிமை உண்டு. ஆனால் அதுவும் ஏழைக் குடும்பத்துக்கு நெடுங்காலம் ஏட்டளவில்தான் இருந்தது. வரி இல்லாதவருக்கும் பணமாகத் திருப்பித் தந்தது 2010, 2011 ஆகிய இரண்டே ஆண்டுகளில். 2025இல் வந்த சட்டம் 5,000 டாலர் வரை மீண்டும் அப்படித் தருகிறது. என் கணிப்பில், சேமிப்புக் கணக்கு செய்யக்கூடியதைவிட இந்த ஒரு மாற்றம் அதிகம் செய்யும்.

கான்சஸ் சட்டத்தில் இன்னொரு நெருடலும் உண்டு. கருக்கலைப்புக்கு மாற்று தேடும் கர்ப்பகால உதவி மையங்களுக்கு நன்கொடை தருவோருக்கான வரிச்சலுகையும் அதே மசோதாவில் கட்டப்பட்டது. ஆளுநர் லாரா கெல்லி அதை நிராகரித்தார். சட்டமன்றம் மீறி நிறைவேற்றியது. குழந்தைக்கு வீடு தேடும் திட்டம் இந்தச் சண்டைக்குள் இழுக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை.

கணக்கை மூடச் சொல்லவில்லை. எளிய குடும்பம் 1,000 டாலர் போட்டால் மாநிலமும் ஒரு பங்கு போடட்டும். தத்தெடுத்த பின் வரும் ஆலோசனைச் செலவுக்கும் அதிலிருந்து எடுக்க அனுமதிக்கட்டும்.