நீள மூக்குக் குண்டின் வடிவழகு

ஒரே அகலமுள்ள இரண்டு குண்டுகளை மேசைமேல் நிறுத்திவைத்துப் பாருங்கள். இரண்டுமே .338 லபுவா மேக்னம் ரைஃபிளுக்கானவை, குறுக்களவு 8.6 மில்லிமீட்டர். ஒன்றின் எடை 250 கிரெயின், மற்றதன் எடை 300, கிராமில் 16.2, 19.4. குழலின் அகலம் மாறாதது. ஆகவே கூடுதல் எடை முழுவதும் நீளமாகவே வந்து சேர்கிறது. தோட்டாவைத் தாமே கையால் அடைத்துக்கொள்ளும் தொலைதூரச் சுடுநர்கள் எடையைப் பற்றித்தான் பேசுவார்கள். அவர்கள் மயங்குவதென்னவோ இந்த நீளத்தில்.

பின்லாந்தின் லபுவா நிறுவனம் தன் 250 கிரெயின் தோட்டாவுக்குச் சொல்லும் தொடக்க வேகம் நொடிக்கு 905 மீட்டர், 300 கிரெயினுக்கு 830. கிளம்பும்போதே பின்தங்கும் குண்டை ஏன் விரும்ப வேண்டும்? பெற்ற வேகத்தை அது எளிதில் இழப்பதில்லை, அதனால்தான். அமெரிக்காவின் சியரா நிறுவனத்தின் 250 கிரெயின் மேட்ச்கிங் குண்டுக்கு ஜி1 என்ற ஒப்பீட்டு அளவில் காற்றுத்தடை எண் 0.587, 300 கிரெயினுக்கு 0.768. எண் கூடினால் தடை குறைவு. 500 மீட்டருக்குள் சுடுபவருக்கு இதனால் பெரிய ஆதாயமில்லை, அவர் 250-ஐயே எடுக்கலாம். ஆயிரத்தைத் தாண்டிய பிறகே கனமான குண்டின் அருமை தெரியும். ஒலியின் வேகத்துக்குக் கீழே அது பிந்தியே இறங்குகிறது.

எனக்கு மிகப் பிடித்த இடம் மூக்கின் வளைவு. பழைய பாணியில் அந்த வளைவு உடலோடு இழைந்து சேரும், எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது. சீக்கண்ட் பாணியில் சேருமிடத்தில் மெல்லிய ஒரு முறிவு உண்டு. மூக்கு இன்னும் கூர்மையாகும், காற்று எளிதாக வழிவிடும். ஆனால் குழலின் மரை தொடங்கும் இடத்துக்கு எவ்வளவு தள்ளி அதை இருத்துகிறோம் என்பதில் அது பிடிவாதம் காட்டும். அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு பிசகினாலும் குறிகள் சிதறும். பெர்கர் நிறுவனத்துக்காக பிரையன் லிட்ஸ் வடிவமைத்த ஹைப்ரிட் குண்டு இரண்டையும் சேர்க்கிறது: உடலோடு சேரும் இடத்தில் இழைவு, முனைப்பக்கம் கூர்மை. இரண்டு வளைவுகளும் ஒன்றாகும் அந்த இடத்தை வெறுங்கண்ணால் காண்பது அரிது. இத்துறையில் இதைவிட நேர்த்தியான வேலையை நான் பார்த்ததில்லை.

நீளத்துக்கு ஒரு விலை உண்டு. நீண்ட குண்டு தலைகுப்புறப் புரளாமல் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். பிரிட்டனின் கிரீன்ஹில் 1879-இல் பீரங்கிக் குண்டுகளுக்காக எழுதிய சூத்திரம் இங்கும் கைகொடுக்கிறது: குறுக்களவின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும். சுமார் 1.7 அங்குல நீளமுள்ள குண்டுக்குப் போட்டுப் பாருங்கள், 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வருகிறது. 300 கிரெயின் சுடுபவர்கள் இன்று தேடிப்போகும் குழலின் மரையும் அதுதான். சூத்திரத்தில் எடைக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு விலை பித்தளைக் கூட்டுக்குள். தோட்டாவின் மொத்த நீளம் 93.5 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பது வரையறை. மூக்கு நீண்டால் அடிப்பகுதி உள்ளே இறங்கி, மருந்துக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் தேர்ந்த கைகள் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணோடு நிற்பதில்லை. வால் எங்கே சரியத் தொடங்குகிறது, அது கூட்டின் கழுத்துக்குக் கீழே போய்விடுகிறதா என்று அளக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு குண்டையும் அடியிலிருந்து மூக்கு வளையும் இடம் வரை அளந்து, ஒத்தவற்றை மட்டும் ஒன்றாக எடுத்துவைக்கிறார்கள்.