வசந்த விழாவும் ஏல மேடையும்

அமெரிக்காவில் சுயாதீனப் பள்ளிகள் என்று அறியப்படுபவை அரசுப் பள்ளி மாவட்டங்களுக்கோ கத்தோலிக்க மறைமாவட்டங்களுக்கோ கட்டுப்படாதவை. ஒவ்வொன்றுக்கும் தனி அறங்காவலர் குழு உண்டு. தலைமையாசிரியரை அமர்த்துவதும் கட்டணத்தை நிர்ணயிப்பதும் அந்தக் குழுதான். 1962இல் உருவான இவற்றின் தேசிய சங்கத்தில் 1,500க்கும் மேற்பட்ட பள்ளிகள் உறுப்பினராக உள்ளன. பனி உருகத் தொடங்கும் மார்ச் மாதத்தில் இப்பள்ளிகள் பெற்றோருக்கு அனுப்பும் செய்திமடல்களில் ஊருக்கு ஊர் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. இசை நிகழ்ச்சி, தாத்தா பாட்டி நாள், தோட்டத்தைச் சீர்படுத்தும் சனிக்கிழமை, மே விழா, பழைய மாணவர் சந்திப்பு, அடுத்த ஆண்டுச் சேர்க்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கடைசி நாள் என்று தேதிகள் வரிசையாக வரும். அவற்றின் நடுவே, எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், பள்ளிக்கு நிதி திரட்டும் ஏல விருந்துக்கான அழைப்பு இருக்கும். பெரும்பாலானவர்கள் இதை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். இந்த நிகழ்ச்சி நிரல் இன்னும் கவனமான வாசிப்புக்குரியது. ஒரு பள்ளி தன்னைச் சுற்றியுள்ள குடும்பங்களை எப்படிப் பார்க்கிறது என்பதை அதன் கல்விக் கொள்கை அறிக்கையைவிட இந்த வசந்தகாலப் பட்டியல் நேர்மையாகக் காட்டிவிடுகிறது. அப்படி வாசிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: பள்ளி பணம் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. குழந்தைகளின் விழாவுக்குள் வைத்து அதைக் கேட்பதுதான் விழாவையும் கெடுக்கிறது, கொடையையும் கெடுக்கிறது.

முதலில் விழாக்களின் பக்கம். மாவட்ட நிர்வாகம் வகுத்த கால அட்டவணை இல்லாததால், தனக்கு முக்கியம் என்று படுவதற்கு ஒரு முழு நாளையோ ஒரு வாரத்தையோ ஒதுக்கும் உரிமை இப்பள்ளிகளுக்கு இருக்கிறது. அந்த உரிமையைச் சிறப்பாகப் பயன்படுத்தியவை வால்டார்ஃப் பள்ளிகள். 1919இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், எமில் மோல்ட் என்ற சிகரெட் ஆலை அதிபர் தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டைனரைக் கொண்டு தொடங்கிய கல்விமுறை அது. 1928இல் நியூயார்க்குக்கு வந்தது. இப்பள்ளிகள் பலவற்றில் மே மாதத் தொடக்கத்தில் நடுத்திடலில் உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து தொங்கும் வண்ண நாடாக்களைப் பிள்ளைகள் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு எதிரெதிர்த் திசைகளில் ஆடுகிறார்கள். நம் ஊர்ப் பின்னல் கோலாட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஒரு பிள்ளை தவறான பக்கம் திரும்பினால் பின்னல் அங்கேயே பிசகிவிடும். எல்லோரும் நின்று, பின்னோக்கி ஆடி, பிரித்துவிட்டுத்தான் மீண்டும் தொடங்க முடியும். பல வாரப் பயிற்சி தேவைப்படும் இந்த ஆட்டத்தில் தனியாக வென்றவர் என்று எவரும் இல்லை. தோற்றவரும் இல்லை. நியூயார்க்கில் காரலைன் பிராட் 1914இல் தொடங்கிய சிட்டி அண்ட் கன்ட்ரி பள்ளி இதே எண்ணத்தை வேறொரு வழியில் அன்றாடமாக்கியது. அங்கே பள்ளிக் கடை, தபால் நிலையம், அச்சுக்கூடம் ஆகியவற்றைப் பிள்ளைகளே நடத்தினார்கள். பள்ளிக்குத் தேவையான வேலையை உண்மையாகவே செய்பவர்களாக அவர்கள் நடத்தப்பட்டார்கள். ஒரு வசந்தகாலச் சந்தையில் பத்து வயதுச் சிறுமி தான் வளர்த்த நாற்றுகளை விற்றுச் சில்லறை எண்ணித் தருவதும், பெற்றோர் மண்வெட்டி எடுத்துப் பாத்தி கட்டுவதும் இந்த மரபைச் சேர்ந்தவை. கூடி வேலை செய்வதன் வழியே குடும்பங்கள் ஒன்றை ஒன்று அறிகின்றன. இது தேர்வு மதிப்பெண்ணில் தெரியாது. ஆனாலும் சுயாதீனப் பள்ளி என்ற ஏற்பாட்டுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் இதுதான் என்று கருதுகிறேன்.

இனி பணம். நியூயார்க் நகரின் முன்னணிப் பகல்நேரப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் 60,000 டாலரைத் தாண்டிவிட்டது. அத்தனை வாங்கிய பிறகும், ஒரு மாணவரின் கல்விக்கு ஆகும் முழுச் செலவைக் கட்டணம் ஈடுசெய்வதில்லை என்று பள்ளிகள் சொல்கின்றன. சிறிய வகுப்புகள், உதவித்தொகை, பழைய கட்டடங்கள் ஆகியவற்றின் செலவைப் பார்த்தால் அது பொய்யில்லை. மிச்சத்தை ஆண்டு நன்கொடை நிதி நிரப்புகிறது. நிதியாண்டு பெரும்பாலும் ஜூன் 30இல் முடிவதால் கணக்கை நேர்செய்யும் பதற்றம் முழுவதும் ஏப்ரல், மே மாதங்களில் வந்து குவிகிறது. பிள்ளைகள் ஆடுவதும் பாடுவதும் அதே மாதங்களில்தான். இரண்டு பருவங்களும் தற்செயலாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. நிதி திரட்டும் அலுவலகங்கள் அந்தத் தற்செயலை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்துவிட்டன.

அந்த முறையின் உச்சம் ஏல விருந்து. ஏலப் பொருட்களைக் கவனித்தால் சிக்கல் புரியும். ஒரு வாரத்துக்கு யாரோ ஒருவரின் கடலோர வீடு, உணவக விருந்து, விளையாட்டுப் போட்டிக்கான நுழைவுச்சீட்டு ஆகியவை பரவாயில்லை. அவை வெளியுலகப் பண்டங்கள். ஆனால் பள்ளி வாசலுக்கு அருகில் ஆண்டு முழுவதும் கார் நிறுத்தும் இடம், பட்டமளிப்பு விழாவில் முன்வரிசை இருக்கை, ஒரு நாள் மட்டும் பிள்ளை தலைமையாசிரியராக அமரும் வாய்ப்பு, விருப்பமான ஆசிரியருடன் ஒரு பிற்பகல் என்று பட்டியல் நீளும்போது, பள்ளி தன் உட்பொருளையே விற்கத் தொடங்கிவிடுகிறது. மழலையர் வகுப்பின் எல்லாப் பிள்ளைகளும் கைவைத்து உருவாக்கிய போர்வை ஒன்று ஏலத்துக்கு வரும். பதினெட்டுப் பிள்ளைகளின் கைவேலை ஒரு வீட்டின் சுவருக்குப் போகும். மற்றப் பதினேழு வீடுகளுக்கு எத்தனை டாலர் போதாமல் போனது என்பதும் அந்த அரங்கில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பிறகு, பொருள் எதுவும் இல்லாமல் வெறும் கொடைக்காகக் கைப்பலகை உயர்த்தும் நேரம் வரும். ஏலம் விடுபவர் 25,000 டாலர் தருபவர் யார் என்று தொடங்கி, 10,000, 5,000, 1,000 என்று படிப்படியாக இறங்கி 100 டாலருக்கு வருவார். கொடுக்கும் தொகையின் வரிசைப்படி பெற்றோர் தங்களை அடையாளம் காட்டிக்கொள்ளும் சடங்காக அது முடிகிறது. மறுநாள் காலை வாசலில் பிள்ளையை இறக்கிவிடும்போது அந்த வரிசை யார் மனத்திலிருந்தும் அழிந்திருக்காது.

இந்தக் குழப்பத்தை அமெரிக்க வரிச் சட்டம் பள்ளிகளைவிடத் தெளிவாகப் புரிந்துவைத்திருக்கிறது. ஓர் அறநிறுவனத்துக்கு 75 டாலருக்கு மேல் கொடுத்துப் பதிலுக்குப் பொருளோ சேவையோ பெற்றால், அதன் சந்தை மதிப்பை நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த மதிப்புக்கு மேல் கொடுத்த தொகைக்குத்தான் கொடை என்ற வரிச்சலுகை. வாங்குவது வேறு, கொடுப்பது வேறு என்பதே இதன் அடிப்படை. கட்டணம் செலுத்துவதும் கொடை ஆகாது. ஏல விருந்தின் முழுத் திறமையும் இந்த எல்லைக்கோட்டை ஓர் இரவுக்கு மறக்கச் செய்வதில் இருக்கிறது. வாங்குபவர் வள்ளல் என்ற பெயரையும் சேர்த்தே பெறுகிறார். எதையும் வாங்காமல், பதிலுக்கு எதையும் கேட்காமல், ஒப்பந்தத் தொகையோடு ஐம்பது டாலர் சேர்த்து அனுப்பிய தாய் அந்த மேடையில் எங்கும் இல்லை.

தாத்தா பாட்டி நாள் இதைவிட நுட்பமானது. பேரப்பிள்ளையின் வகுப்பில் முதியவர்கள் ஒரு காலை உட்கார்ந்து, பிள்ளைகளோடு வாசித்து, தங்கள் பள்ளிக்காலத்தைச் சொல்வது மூன்று தலைமுறைக்கும் நல்லது. அதன் மதிப்பில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் பல பள்ளிகளில் இந்நிகழ்ச்சியை ஒழுங்குசெய்வது ஆசிரியர்களோடு சேர்ந்து நிதி அலுவலகமும்தான். வருகைப் பதிவில் எழுதும் முகவரி நன்கொடையாளர் பட்டியலில் சேர்கிறது. பேத்தி பாடிய இரண்டு வாரத்துக்குள் வேண்டுகோள் கடிதம் வருகிறது. முதியவரை அழைத்தது பேத்தி. கடிதம் எழுதியவர் வேறொருவர். அந்தப் பிள்ளை வண்ணப் பென்சிலால் எழுதிய அழைப்பிதழை ஒரு வசூல் சங்கிலியின் முதல் கண்ணியாகப் பயன்படுத்தியதுதான் இங்கே பிழை. இன்னொன்றும் உண்டு. தாத்தா பாட்டி கடல்கடந்து வாழும் குடியேறிய குடும்பங்கள், தமிழ்க் குடும்பங்கள் உட்பட, இந்த நாளில் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று திணறுகின்றன. ‘சிறப்பு நண்பர்கள்’ என்று விருந்தினர் வட்டத்தை விரித்த பள்ளிகள் இதை ஓரளவு உணர்ந்திருக்கின்றன. பக்கத்து வீட்டு மூதாட்டியோ குடும்ப நண்பரோ வந்து உட்கார்ந்தால் அந்தக் காலை அதே அளவு நிறைவாக அமையும். நன்கொடை வாய்ப்பு குறையும் என்பது மட்டுமே வேறுபாடு.

ஏலத்தை நான் குறைகூறுவதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஏலப் பணம்தானே ஏழை, நடுத்தரக் குடும்பப் பிள்ளைகளின் உதவித்தொகையாகிறது? பணக்காரர்களின் போட்டி மனப்பான்மையிலிருந்து ஒரு பிள்ளைக்கு இடம் கிடைக்கிறது என்றால், போட்டி இருந்துவிட்டுப் போகட்டுமே! இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மன்ஹாட்டன் கன்ட்ரி பள்ளியின் வரலாறே அதற்குச் சான்று. மார்ட்டின் லூதர் கிங்கின் கொள்கைகளை அடியொற்றி, வெவ்வேறு இனத்தையும் வருவாயையும் சேர்ந்த பிள்ளைகள் ஒன்றாகப் படிக்க 1966இல் தொடங்கப்பட்ட பள்ளி அது. குடும்ப வருவாய்க்கு ஏற்பக் கட்டணம் என்ற முறையைக் கொண்டுவந்தது. கேட்ஸ்கில் மலைப்பகுதியில் தனக்கென ஒரு பண்ணை வைத்து நகரத்துப் பிள்ளைகளை மாடு கறக்கவும் தோட்டம் போடவும் பழக்கியது. இவ்வளவு உயர்ந்த நோக்கம் இருந்தும் கடன் சுமை அண்மை ஆண்டுகளில் அதைக் கடும் நெருக்கடியில் தள்ளியது. நல்லெண்ணத்தால் மட்டும் சம்பளம் கொடுக்க முடியாது. எனவே பணம் தேவை, நிறையத் தேவை. இதை மறுக்கவே இல்லை.

ஆனால் அந்தப் பணத்துக்கு ஏலம்தான் சிறந்த வழி என்பது மேற்சொன்னதிலிருந்து கிடைக்கும் முடிவு அன்று. அறநிறுவனமாகப் பதிந்துள்ள பள்ளிகளில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்கு அளிக்கும் படிவம் 990 பொதுமக்கள் பார்வைக்கு உரியது. கணிசமாக நிதி திரட்டும் நிகழ்ச்சிகளை நடத்துபவை, அவற்றின் மொத்த வரவையும் நேரடிச் செலவையும் அதில் தனித்தனியே காட்ட வேண்டும். அரங்க வாடகை, உணவு, அலங்காரம் எல்லாம் அங்கே தெரிந்துவிடும். ஆசிரியர்களின் சனிக்கிழமை உழைப்பும் பெற்றோரின் ஆறு மாத ஓட்டமும் மட்டும் அதில் விலையாக ஏறுவதில்லை. நிதி திரட்டும் துறையிலிருப்பவர்களே, நேரடியாகக் கேட்டுப் பெறும் கொடையைவிட விருந்து நடத்திப் பெறும் கொடைக்கு டாலருக்கான செலவு அதிகம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். உதவித்தொகைதான் நோக்கம் என்றால், எத்தனை பிள்ளைகளுக்கு எவ்வளவு தேவை, கையில் எவ்வளவு உள்ளது, குறை எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதிக் குடும்பங்களிடம் கேட்கலாம். கேட்பதில் கூச்சம் தேவையில்லை. மறைமுகமாகக் கேட்பதில்தான் தயங்கவேண்டும். உதவித்தொகை பெறும் குடும்பமும் அதே அரங்கில் அமர்ந்திருக்க, அவர்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் அந்தப் பிள்ளைக்காகப் பலகைகள் உயர்வதைப் பார்க்கவைப்பது எந்த அறத்திலும் சேராது.

விருந்து பெற்றோரை ஒன்று கூட்டுகிறதே என்ற வாதமும் வரும். கூட்டுகிறது, சீட்டு வாங்க முடிந்தவர்களை. 2020 வசந்தத்தில் பெருந்தொற்று அரங்குகளைப் பூட்டியபோது பல பள்ளிகள் ஏலத்தை இணையத்துக்கு மாற்றின. பொருட்களும் தொகைகளும் திரையில் ஓட, பக்கத்தில் யாரும் இல்லாத அந்த மாலைகள் ஏலத்தில் கூடுகை எவ்வளவு, விற்பனை எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டின. பெற்றோர் அந்த மாதங்களில் ஏங்கியது பிள்ளைகளின் பாட்டுக்கும், வாசலில் நின்று பேசும் பத்து நிமிடத்துக்கும்தான். அவற்றுக்கு மேடையோ ஏலம் விடுபவரோ தேவையில்லை.

எனக்கு உண்மையிலேயே கடினமாகப் படும் மறுப்பு வேறொன்று. பணத்தை விலக்கிவிட்டு உழைப்பை நடுவில் வைத்தால் எல்லோரும் சமமாகிவிடுவார்களா? மாட்டார்கள். நேரமும் ஒரு சொத்துதான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இசை நிகழ்ச்சி என்று அறிவித்தால், மணிக்கணக்கில் கூலி பெறும் தந்தைக்கு அது இழந்த சம்பளம். இரவுப் பணி முடிந்த செவிலியருக்கு அது இழந்த தூக்கம். மே விழாவுக்குக் கடைகளைப் பிரித்துக்கொடுப்பது, மலர்க்கிரீடம் கட்டுவது, வகுப்பு வாரியாகக் கைப்பேசியில் நினைவூட்டுவது எல்லாம் பெரும்பாலும் தாய்மார்களின் தலையில் விழுகின்றன. வேலைக்குப் போகாமல் இருக்க முடிகிற தாய்மார்களே அதில் முன்னால் தெரிகிறார்கள். தன்னார்வ மணிநேரத்தைக் கட்டாயமாக்கி, செய்யாதவர்களிடம் தொகை வாங்கும் பள்ளிகள் உழைப்பையும் கட்டணமாகவே மாற்றிவிடுகின்றன. விழாவை நான் ஆதரிக்கும் அளவுக்கு இந்தக் குறையையும் ஏற்றாக வேண்டும். ஆனாலும் இரண்டு ஏற்றத்தாழ்வுகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. பணத்தின் ஏற்றத்தாழ்வைப் பள்ளியால் திருத்த முடியாது. நேரத்தினுடையதைப் பெருமளவு திருத்த முடியும். ஒரே நிகழ்ச்சியை ஒரு காலையும் ஒரு மாலையும் நடத்தலாம். தேதியைச் செப்டம்பரிலேயே சொல்லிவிட்டால் பணிமுறை மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். தோட்ட வேலைக்கு வரும் குடும்பத்தின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த மாணவர்களை அமர்த்தலாம். வர இயலாதவர் வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையைப் பிரித்து வைக்கலாம். நிதி வேண்டுகோளை விழாக்கள் தொடங்கும் முன், குளிர்காலத்திலேயே, கணக்கோடு அனுப்பி முடித்துவிட்டால், மே மாதத்தில் தாத்தாவின் முகவரியை யாரும் குறித்துக்கொள்ள வேண்டியிருக்காது. மழலையர் தைத்த போர்வையையும் வகுப்பறைச் சுவரிலேயே மாட்டிவிடலாம்.