கூரைக்கு விசிறி போதுமா?

மொட்டை மாடியில் ஒரு சோலார் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துவிட்டால் கரண்ட் பில் இல்லாமலே வீட்டுச் சூடு இறங்கிவிடும் என்ற பேச்சு சென்னையில் எங்கள் கொரட்டூர்ப் பக்கமும் வந்துவிட்டது. வெயில்தான் சூட்டைத் தருகிறது, அதே வெயிலே விசிறியைச் சுற்றி அந்தச் சூட்டை விரட்டட்டும் என்ற யோசனை கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் யார் வீட்டுக் கூரைக்கு இது பொருந்தும் என்று பார்க்காமல் காசைப் போடக் கூடாது.

இந்த விசிறி அமெரிக்க வீடுகளுக்காக வந்தது. அங்கே சரிவான கூரைக்கும் அறையின் உள்கூரைக்கும் நடுவே, ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கும். கோடையில் அதற்குள் அடைபடும் அனல்காற்றை வெளியே தள்ளத்தான் கூரை மேல் சின்ன பேனலும் விசிறியும் பொருத்துகிறார்கள். ஃபுளோரிடா சூரிய ஆற்றல் மையம் 2000-ஆம் ஆண்டு வாக்கில் இதை ஒரு வீட்டில் அளந்து பார்த்தது. இடைவெளியில் இருந்த காற்றின் உச்ச வெப்பம் நன்றாகவே இறங்கியது. ஆனால் வீட்டைக் குளிர்விக்க ஆகும் மின்சாரத்தில் மிச்சமானது சுமார் 6 சதவீதம்தான்.

நம் கொரட்டூரில் அந்த இடைவெளியே கிடையாது. ஹவுசிங் போர்டு குடியிருப்பானாலும் தனி வீடானாலும் தலைக்கு மேல் இருப்பது கான்கிரீட் தளம். ஐந்து அங்குலத் தளம் வெயிலில் வாங்கிய சூட்டை உடனே கீழே விடாது. உச்சி வெயில் சாய்ந்து மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் அதன் அடிப்பக்கம் முழுச் சூட்டுக்கு வரும். இரவு பத்து மணிக்கு மேல்மாடி வீட்டில் கட்டில் மேல் ஏறி உள்கூரையைத் தொட்டுப் பாருங்கள். இப்போதுதான் இஸ்திரி போட்டு மடித்த வேட்டி மாதிரி இருக்கும். பேட்டரி இல்லாத சோலார் விசிறியோ ஆறு மணிக்கே நின்றுவிட்டிருக்கும். பகலிலும் அது நல்லது செய்யும் என்று சொல்ல முடியாது. கத்திரி வெயிலில் வெளியே நாற்பது டிகிரி அடிக்கும்போது, உள்ளிருக்கும் காற்றைத் தள்ளிவிட்டு அந்த நாற்பது டிகிரிக் காற்றை அறைக்குள் இழுத்துவரும். ஏசி ஓடும் வீடாக இருந்தால் குளிர்ந்த காற்றையே வெளியே அனுப்பும். ஆகவே கான்கிரீட் வீட்டுக்காரர்களுக்கு இது வீண் செலவு. அவர்களுக்கு வேண்டியது இரவில் ஓடும் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன். அதற்கும் முன்னால், ஏசி போடும்போது அடைத்துவிட்ட மேல் வென்டிலேட்டரைத் திறந்துவிடுவது.

ஷீட் கூரையின் கதை வேறு. கொரட்டூரிலும் பட்டரவாக்கத்திலும் மாடிக்கு மேல் சுவர் எழுப்பி, சிமெண்ட் ஷீட்டோ தகரமோ போட்ட அறைகளைப் பார்க்கலாம். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையை, அதாவது எஸ்டேட்டை, நம்பி வந்தவர்களுக்கு இப்படிப்பட்ட அறைதான் எட்டும் வாடகையில் கிடைக்கிறது. ஷீட் மெல்லியது. வெயில் ஏறினால் உடனே காயும், இறங்கினால் சீக்கிரமே ஆறும். அதாவது அறை கொதிக்கிற நேரமும் பேனல் முழு வேகத்தில் விசிறியைச் சுற்றுகிற நேரமும் ஒன்று. சோலார் விசிறியின் உண்மையான பலம் இதுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒன்பது அடி உயரம் என்றால் உள்ளே 1,080 கன அடி காற்று. நிமிடத்துக்கு 500 கன அடி தள்ளும் விசிறி இருந்தால், இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆவதற்குள் அவ்வளவு காற்றும் மாறிவிடும். ஷீட்டுக்கு அடியில் தேங்கும் அனலும் சமையல் புகையும் வெளியேறும். கரண்ட் போனாலும் ஓடும். எஸ்டேட் ஷெட்களின் முகட்டில் சுற்றும் டர்போ வென்டிலேட்டரும் இதே வேலையைத்தான் மின்சாரம் இல்லாமல் செய்கிறது. ஆனால் காற்று அசையாத மத்தியானத்தில் அதன் வேகம் படுத்துவிடும்.

இதை ஒப்புக்கொண்ட பிறகும் இரண்டு குறைகளைச் சொல்லியே ஆக வேண்டும். காற்று வெளியேற வேண்டுமானால் கீழே உள்ளே வர வழி வேண்டும். சன்னலே இல்லாத அறையில், கதவையும் சாத்திவிட்டு மேலே விசிறி வைத்தால் அது வெறுமனே சுற்றும். இன்னொன்று, நம்மைச் சுடுவது காற்று மட்டுமல்ல. காய்ந்த ஷீட் அடுப்பைப் போல நேரடியாக உடம்பின் மேல் அனலை இறக்குகிறது. எத்தனை முறை காற்றை மாற்றினாலும் அந்த அனலை விசிறியால் தடுக்க முடியாது. ஷீட்டே சூடாகாமல் பார்ப்பதுதான் வழி.

பொருத்துவதிலும் ஆபத்து உண்டு. பழைய சிமெண்ட் ஷீட் என்றால் அது ஆஸ்பெஸ்டாஸ். அதை அறுத்து ஓட்டை போட்டால் நுரையீரலைக் கெடுக்கும் நார்த்தூசி பறக்கும். வேலை செய்பவரும் மூச்சில் இழுப்பார், கீழே கட்டிலில் உட்கார்ந்திருக்கும் குழந்தையும் இழுக்கும். கூரையைத் தொடாமல் சுவரின் மேல்பகுதியில் விசிறியை வைப்பதே சரி. அப்படி வைத்தால் ஐப்பசி மழையில் ஒழுகுமோ என்ற கவலையும் பாதி குறையும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் எத்தனை ஷீட்டுகளைப் பிய்த்துக்கொண்டு போனது என்பதைப் பார்த்தவர்கள், ஷீட்டின் மேல் பேனலையும் ஏற்றும் முன் இரண்டு முறை யோசிப்பார்கள்.

செலவையும் பார்க்க வேண்டும். இப்போது வரும் பி.எல்.டி.சி சீலிங் ஃபேன் முப்பது வாட்டுக்குள் ஓடுகிறது; பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். கூரை விசிறியை ஓட்டும் சின்ன பேனலின் மின்சாரத்திலேயே, மனிதர் மேல் நேரடியாகக் காற்று வீசும் ஃபேனை ஓட்டலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சோலார் டி.சி முறை ராஜஸ்தானின் மின்கம்பி எட்டாத வீடுகளில் இதைத்தான் செய்தது: ஒரு பேனல், ஒரு பேட்டரி, டி.சி மின்விசிறி, விளக்குகள். அங்கே விசிறி வீசுவது ஆள் மேல், ராத்திரியிலும்.

இதைவிட மலிவான வழி கூரையின் மேல்பக்கத்தில் இருக்கிறது. சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து அடிப்பதோ, வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் பூசுவதோ வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தூசி படிந்தால் பலன் குறையும், ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது கழுவ வேண்டும், சுண்ணாம்பானால் மறுபடி அடிக்கவும் வேண்டும். தெலங்கானா 2023-ல் கூல் ரூஃபுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று அறிவித்த பிறகும், ஷீட் அறைக்கு வெள்ளை அடிப்பது வாடகைக்காரரின் சொந்தப் பிரச்சினை என்று விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏனென்றால் அந்த அறையில் வேகிறவர் ஒருவர், கூரைக்குச் சொந்தக்காரர் இன்னொருவர். நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர் அடுத்த வருடம் அங்கே இருப்பாரா என்பதே தெரியாது. அவர் கைக்காசைப் போட்டு அடுத்தவர் கூரையில் சோலார் விசிறி மாட்டுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஷீட் அறையை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். மே 4-ஆம் தேதி கத்திரி தொடங்கும் முன், முதலில் கூரைக்கு வெள்ளை அடியுங்கள். அடுத்து, எதிரெதிர்ச் சுவர்களில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகக் காற்று வழி வையுங்கள். அதற்குப் பிறகும் பணம் மிஞ்சினால் மேல் வழியில் சோலார் விசிறியை மாட்டுங்கள்.