தார்ன்ஹில்லின் நூறு ஏக்கர்

குடியேற்றக் காலக் கைதிகளைப் பற்றிய நாவல்களில், பத்துப் பேர் கூடிப் பேசுவதற்கு கேட் கிரென்வில்லின் ‘தி சீக்ரெட் ரிவர்’ (2005) போலத் தோதானது வேறில்லை. தனியாக வாசித்தால் கண்ணீரோடு மூடிவைத்துவிடலாம். குழுவில் அப்படித் தப்பிக்க முடியாது.

லண்டன் தேம்ஸ் நதியில் படகோட்டிப் பிழைக்கும் வில்லியம் தார்ன்ஹில் மரக்கட்டை திருடி மாட்டிக்கொள்கிறான். தூக்குத் தண்டனை ஆயுள்கால நாடுகடத்தலாகக் குறைகிறது. 1806இல் மனைவி சாலோடு சிட்னியில் வந்து இறங்குகிறான். கைதிகளை யாராவது ஓர் எஜமானிடம் வேலைக்கு ஒப்படைப்பது அங்கே நடைமுறை. இவனை ஒப்படைப்பது அவன் மனைவியிடமே! ஏட்டில் அவள் முதலாளி, இவன் கூலியாள். இதைக் கிரென்வில் பெரிய வசனமாக ஊதாமல் புருஷன் பெண்டாட்டி கேலியாகவே கடத்திவிடுகிறார். கைவந்த எழுத்து என்பது இதுதான்.

இப்படி அவன் பசியையும் அவமானத்தையும் நம்மைச் சுமக்க வைத்தபிறகுதான் ஹாக்ஸ்பரி ஆற்றோரத்துக்குக் கூட்டிப்போகிறார். தனக்கென்று நூறு ஏக்கர். சோளம் போட இறங்கினால், மண் ஏற்கெனவே கிளறப்பட்டிருக்கிறது. ஏதோ விலங்கு கிளறியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறான். கிளறியவர்கள் அந்த மண்ணின் தாருக் மக்கள். அங்கிருந்தது அவர்கள் உண்ணும் கிழங்கு. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சோளத்தை ஊன்றுகிறான். பின்னால் வரும் படுகொலைக்கும் விதை அங்கேதான் விழுகிறது.

எங்கள் குழுவில் சண்டை மூண்டதும் இந்தப் பக்கத்தில்தான். “பாவம், அவனுக்கு வேற போக்கிடம் ஏது?” என்றார் ஒருவர். “கிழங்கு தோண்டினவங்களுக்கு மட்டும் இருந்துச்சா?” என்று வெடுக்கெனக் கேட்டார் எதிரிலிருந்த அம்மா. அதன்பிறகு தேநீர் ஆறிப்போனது.

குறையும் உண்டு. தாருக் மக்களை நாம் அவன் கண் வழியாக, வெளியிலிருந்து மட்டுமே பார்க்கிறோம். கிரென்வில் தெரிந்தே வைத்த எல்லை அது. நேர்மையானதுதான், ஆனாலும் இழப்பு. 2013இல் ஆண்ட்ரூ போவெல் இதை நாடகமாக்கியபோது அவர்களுக்குப் பெயரும் தாருக் மொழியும் கொடுத்து அந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்பினார். இங்கா கிளென்டினன் போன்ற வரலாற்றாசிரியர்கள், நாவலாசிரியருக்குக் கடந்தகாலத்தின் மேல் இவ்வளவு உரிமை உண்டா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியையும் மேசையில் வையுங்கள்.

உங்கள் குழு இதை எடுத்தால் இரண்டு அமர்வுகள் ஒதுக்குங்கள். முதல் அமர்வை லண்டனோடும் சிட்னியோடும் நிறுத்திவிட்டு, ஹாக்ஸ்பரியை அடுத்ததற்கு வைத்துக்கொள்ளுங்கள்.