எந்த வீட்டுக்குத் திரும்பினார்கள்?

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்கப் பெண்கள் ஆபீசையும் ஆலையையும் விட்டு ‘வீட்டுக்குத் திரும்பினார்கள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார்கள் வரலாற்றாசிரியர்கள். பெண்ணியம் பேசுகிறவர்களும் அந்த வரிக்காகத்தான் வருத்தப்படுகிறார்கள். எந்த வீடு, யார் வூட்டு அடுப்படி என்று கேட்பதற்கு நாம்தான் வர வேண்டியிருக்கிறது. 1940இல் அங்கே வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் பத்துக்கு ஆறு பேர் வீட்டு வேலைக்காரிகள். அவர்களுக்குத் திரும்பிப் போவதென்றால் வெள்ளைக்காரி சமையல்கட்டுக்குப் போவது.

டைலர் பெர்ரியின் ‘தி சிக்ஸ் டிரிப்பிள் எய்ட்’ (2024) படத்தை இந்தக் கேள்வியோடு பார்த்தேன். 6888ஆவது அஞ்சல் படைப்பிரிவின் கதை. 855 கறுப்பினப் பெண்கள், தலைமை சாரிட்டி ஆடம்ஸ். 1945 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காமுக்கு வந்து சேர்ந்தபோது, சிப்பாய்களுக்கு வந்த தபால் சுமார் 1 கோடியே 70 லட்சம் தேங்கிக் கிடந்தது. தபால் பிரிக்கிறது ஒரு வேலையா என்று நினைக்க வேண்டாம். குண்டுவீச்சுக்குப் பயந்து கறுப்பு பூசிய சன்னல்கள், கணப்பில்லாத கூடம். மூன்று ஷிப்டு, ராத்திரி பகல் கிடையாது. ஆளுக்கொரு அட்டை என்று 70 லட்சம் அட்டை வைத்துத் தேடினார்கள். ராபர்ட் ஸ்மித் என்ற பேரில் மட்டும் 7,500 பேர்! ஆறு மாத வேலையை மூன்றே மாதத்தில் முடித்தார்கள்.

இந்த உழைப்பைப் படம் காட்டுகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் படத்தின் நெஞ்சு வேறெங்கோ இருக்கிறது. செத்துப்போன ஒரு யூத இளைஞன்மேல் நாயகி வைத்த காதலும் அவனுடைய கடிதமும்தான் அழவைக்கின்றன. முடிவில் மரியாதை, பெருமை, நிஜப் பெண்களின் முகங்கள். ஊர் திரும்பிய பிறகான வாழ்க்கைக்கு அங்கே பெரிதாக இடமில்லை.

அதே 1945 மார்ச்சில், மாசசூசெட்ஸின் டெவன்ஸ் முகாமில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கறுப்பினப் படைப்பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மருத்துவப் பணி என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, கையில் துடைப்பத்தைக் கொடுத்திருந்தார்கள். மறுத்து நின்ற நாலு பேருக்கு ராணுவ நீதிமன்றம் தண்டனை விதித்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அது ரத்தானது. ஆக, சமாதானம் வரட்டும் என்று துடைப்பம் காத்திருக்கவில்லை. போர் நடக்கும்போதே சீருடைக்குப் பின்னால் வந்து நின்றது. பர்மிங்காமின் அட்டைப்பெட்டியையும் டெவன்ஸின் துடைப்பத்தையும் ஒரே சட்டகத்தில் வைத்திருந்தால் இது வேறு படமாகியிருக்கும்.

1946இல் அந்தப் படைப்பிரிவைக் கலைத்தார்கள். விழா, ஊர்வலம் எதுவும் இல்லை. வேலையில் நிறபேதம் கூடாதென்று 1941இல் போட்ட ஆணையைக் கண்காணித்த குழுவும் அதே வருஷம் மூடப்பட்டது. போர்வீரர் நலச்சட்டம் ஏட்டில் எல்லோருக்கும் பொது. அதைக் கையில் வைத்திருந்தவர்களோ உள்ளூர் வெள்ளை அதிகாரிகள். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டு வேலைக்குப் போனால் சட்டமும் துணைக்கு வராது. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு வேலைக்காரிகளையும் பண்ணைக் கூலிகளையும் வெளியே நிறுத்தியது. வீட்டு வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டென்று சட்டம் ஒப்புக்கொள்ள 1974 ஆனது.

ஆடம்ஸ் தப்பித்தார். பட்டம் இருந்தது, ஏற்கெனவே டீச்சர். மேல்படிப்புக்குப் போனார், 1989இல் தன் கதையைத் தானே எழுதினார். எழுதாமல் போனவர்களை எங்கே தேடுவது? அதிகாரியின் கதையைப் படையின் கதையாகச் சொல்லும்போது, தபால் பிரித்த கை பிறகு என்ன செய்தது என்பது விட்டுப்போகிறது.

இந்தப் பெண்களுக்கு நாடாளுமன்றத் தங்கப்பதக்கம் தரும் சட்டம் 2022இல் கையெழுத்தானது. 2023இல் வர்ஜீனியாவின் லீ முகாமுக்கு கிரெக்-ஆடம்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அடிமைமுறைக்காகப் போரிட்ட தளபதியின் பேர் போய் இவர் பேர் வந்தது. 2024 டிசம்பரில் படம் வந்தது. 2025இல் மறுபடியும் லீ முகாம். கேட்டால், இவர் வேற லீ, கறுப்பினச் சிப்பாய்தான் என்கிறார்கள்.